பூக்கும் களைகளும் நம் மண்ணின் மரங்களும்



ஆண்டு மலரில் தல வரலாறும் திருமுறை விளக்கமும் படித்துப் பழகிய நமக்கு, களைச்செடிகளைப் பற்றிய ஒரு கட்டுரை சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். கோயில் என்றால் தலவிருட்சம் உண்டு. தலவிருட்சம் என்றால் அது வேரூன்றி நிற்க மண்ணும் நீரும் வேண்டும். அந்த மண்ணைப் பற்றியும் நாம் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது. ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் கோயில் வளாகத் துப்புரவுப் பணியில் ஈடுபட்டு வருபவன் என்ற முறையில், படித்தும் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மலாக்கா என்னும் பெயரே ஒரு மரத்தின் பெயர். 1400 ஆம் ஆண்டு வாக்கில் பரமேசுவரா என்னும் இளவரசர் வேட்டையின்போது ஒரு மரத்தடியில் இளைப்பாறினார் என்றும், அம்மரத்தின் பெயரையே தாம் அமைத்த நகருக்குச் சூட்டினார் என்றும் மலாய் மரபு கூறுகிறது. அந்த 'மலாக்கா மரம்' வேறெதுவுமன்று. நம் நெல்லி மரமே. அதியமான் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தது அதன் கனியைத்தான். நெல்லி இந்தியாவுக்கும் உரியது, இந்த மண்ணுக்கும் உரியது. இத்தகைய மண்ணுக்குரிய செடிகொடிகளை, எங்கிருந்தோ வந்த சில பூச்செடிகள் இன்று இடம் விடாமல் நெருக்கி வருகின்றன. அவை எவை, எப்படி வந்தன, நாம் என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அயலிலிருந்து வந்ததெல்லாம் களையா?

இல்லை. இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் மாலைகளில் தொடுக்கும் செண்டுமல்லி மெக்சிகோ பகுதியிலிருந்து வந்தது. சிவாலயங்களில் போற்றப்படும் நாகலிங்க மரம் தென் அமெரிக்காவுக்குரியது. நமக்குச் சோறு போட்ட பால் மரமும் 1876 இல் பிரேசில் நாட்டிலிருந்து விதையாகப் புறப்பட்டு, லண்டன் கியூ பூங்காவில் முளைத்து, 1877 இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. டான் சாய் யான் என்பவர் 1896 இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் அதை நட்டார். மலாயாவின் ரப்பர் தோட்டத் தொழில் அங்கேதான் தொடங்கியது. பின்னர் புக்கிட் அசஹானில் அது பெருந்தோட்டமாக விரிந்தது. அந்த மரத்தை நாடியே நம் முன்னோர் பலரும் கடல் கடந்து வந்தனர். ஆகவே, அயலிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செடியை வெறுப்பது நமக்கு அழகன்று.

வந்தது குற்றமில்லை; பிறர்க்கு இடம் விடாமையே குற்றம். செண்டுமல்லி நட்ட பாத்தியில் நிற்கிறது. காட்டுக்குள் போய்க் காட்டை விழுங்குவதில்லை. எவரும் நடாமலே பரவி, மற்றச் செடிகளுக்கு வெயிலும் நீரும் கிடைக்காமல் செய்து, தானொன்றே நிலத்தை ஆளும் செடியைத்தான் அறிவியலார் ஆக்கிரமிப்புச் செடி என்கின்றனர். பிறந்த நாட்டில் அந்தச் செடியைத் தின்ன பூச்சி இருக்கும். தாக்க பூஞ்சை இருக்கும். புது நாட்டில் அந்த எதிரிகள் இல்லாததால் அது கட்டுக்கடங்காமல் பெருகிவிடுகிறது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம், மஞ்சள் பூப் பூக்கும் சிம்போ ஆயர். அது மலேசியாவின் சொந்தச் செடி. இங்கே அதனால் தொல்லையில்லை. பூங்காச் செடியாக இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்ட அதே செடி, அங்கே ஈரநிலங்களில் புதராக மண்டிக் களையாகிவிட்டது. ஓரிடத்தில் உறவாக இருப்பது வேறோரிடத்தில் பகையாகலாம் என்பதை இது காட்டுகிறது.

தோட்டத்துக்கு அழைத்துவரப்பட்ட கொடி

ரப்பர் தோட்டங்களின் ஆரம்ப காலத்தில், நிரைகளுக்கிடையே ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது துரைமார்களின் கட்டளை. நம் பாட்டன் பாட்டிமார் மண்வெட்டியோடு நாள் முழுதும் மண்ணைச் செதுக்கினார்கள். வெறுமையாகக் கிடந்த மேட்டு நிலத்தின் மேல்மண்ணை மழை அடித்துச் சென்றது. தவறு புரிந்த பிறகு, மண்ணைப் போர்த்திக் காக்க மூடுபயிர் நடும் வழக்கம் வந்தது. அவரை இனத்தைச் சேர்ந்த கொடிகள் இதற்கு ஏற்றவையாக இருந்தன. அவை காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்த்து மண்ணுக்குக் கொடுத்தன.

இதே நோக்கத்துடன் வந்ததுதான் மைக்கானியா. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளுக்குரிய இக்கொடி 1949 இல் பராகுவேயிலிருந்து ஜாவாத் தீவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் ரப்பர் தோட்டங்களில் மூடுபயிராக நடப்பட்டது. இதய வடிவ இலை, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, பார்வைக்கு அழகுதான். ஆனால் இது அவரை இனமன்று. மண்ணுக்கு எதையும் கொடுப்பதில்லை. 1960களில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் செய்த ஒப்பீட்டு ஆய்வுகளில், அவரை இனக் கொடிகள் சூழ்ந்த ரப்பர் கன்றுகள் விரைந்து வளர்ந்தன. மைக்கானியா சூழ்ந்தவை பின்தங்கின. மைக்கானியாவிலிருந்து மண்ணில் கலக்கும் சில பொருள்கள் மற்றச் செடிகளின் வளர்ச்சியைத் தடுப்பதும் தெரியவந்தது.

ஆனால் அதற்குள் கொடி தோட்டத்தைத் தாண்டிவிட்டது. இதன் விதை மிகச் சிறியது. நுனியிலுள்ள மெல்லிய இழைகளால் காற்றில் மிதந்து செல்லும். தண்டின் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்டால் வேர் விடும். புல் வெட்டும் இயந்திரத்தால் துண்டு துண்டாக வெட்டி எறிந்தால், ஒன்று நூறாக முளைக்கும். ஒரு நிமிடத்தில் ஒரு மைல் ஓடும் கொடி என்று ஆங்கிலேயர் இதற்குக் கேலிப்பெயர் வைத்தது சும்மா இல்லை. இளமரத்தின் மேல் ஏறி உச்சியில் போர்வைபோல் படர்ந்தால், கீழே உள்ள இலைகளுக்கு வெயில் கிடைக்காது. மரம் மெல்ல மெல்லச் சாகும்.

இதை நாம் எல்லோரும் பார்க்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. தோட்டங்கள் கைமாறி, ரப்பர் செம்பனையாகி, செம்பனை தாமானாகி, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்ட பிறகு, ஆளற்றுப் போன பழைய தோட்டக் கோயில்களைச் சுற்றிப் பாருங்கள். முனியாண்டி கோயில் மரத்தின் மேலும் மாரியம்மன் கோயில் வேலியின் மேலும் படர்ந்து கிடப்பது பெரும்பாலும் இந்தக் கொடிதான். மக்கள் போய்விட்ட இடத்தை அது நிரப்புகிறது.

காட்டுக்குள் நுழைந்த புதர்

வெட்டவெளியில்தானே களை வளரும், அடர்ந்த காட்டுக்குள் வெயில் இல்லையே, அங்கே அது எப்படி நுழையும் என்று பலரும் கேட்பார்கள். காடு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று அறிவியலாரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானின் பாசோ காடு அந்த நம்பிக்கையை அசைத்தது.

பாசோவில் 1980களின் நடுவில் மலேசிய வன ஆய்வுக் கழகமும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் சேர்ந்து 50 ஹெக்டர் பரப்பில் ஓர் ஆய்வு நிலத்தை அமைத்தன. ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்துக் கணக்கெடுக்கும் இடம் அது. அத்தகைய பழைய காட்டுக்குள்ளும் கிளிடெமியா ஹிர்ட்டா என்னும் அமெரிக்கப் புதர் குடியேறியிருப்பதை 2001 இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

அது நுழைந்த விதம் நாம் சிந்திக்க வேண்டியது. பாசோவைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள் உள்ளன. உதிர்ந்த செம்பனைப் பழங்களைத் தின்று காட்டுப்பன்றிகள் பெருகுகின்றன. அவை காட்டுக்குள் போய் வேருக்காக மண்ணைக் கிளறுகின்றன. குட்டி போட இளங்கன்றுகளை ஒடித்துக் கூடு கட்டுகின்றன. அப்படிக் கிளறிய மண்ணிலும் திறந்த இடைவெளியிலும், பறவைகளும் விலங்குகளும் தின்று போட்ட கிளிடெமியா விதை முளைக்கிறது. தோட்டத்தின் எல்லைக்கு அருகில் இப்பாதிப்பு மிகுதி என்பதை 2012 இல் வந்த மற்றோர் ஆய்வு உறுதி செய்தது. களை காட்டை உடைத்துக்கொண்டு போகவில்லை. திறந்து கிடந்த கதவு வழியாகவே போனது.

இதே புதர் அதன் சொந்த ஊரான கோஸ்தாரிக்காவில் காட்டு நிழலில் வளர்வதில்லை. அங்கே நிழலில் முளைத்தால் பூச்சியும் பூஞ்சையும் அதை அழித்துவிடுகின்றன. ஹவாய்த் தீவுகளில் அந்த எதிரிகள் இல்லை; அங்கே அது காட்டுக்குள் தழைக்கிறது. 2004 இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வின் முடிவு இது. பீஜித் தீவில் இச்செடி பெருகியபோது, 1930 இல் டிரினிடாட்டிலிருந்து அதன் இயற்கை எதிரியான ஒரு சிறு பூச்சியைக் கொண்டுவந்து ஓரளவு கட்டுப்படுத்தினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் மேட்டு நிலங்களில் செண்டுடுக் என்று மலாய்க்காரர் அழைக்கும் செடி உண்டு. அது இம்மண்ணின் சொந்தச் செடி. கிளிடெமியாவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. செண்டுடுக்கின் பூ பெரியது, ஊதா நிறம். பழம் தானே வெடித்துத் திறக்கும். தின்றால் நாக்குக் கறுக்கும். தோட்டப் பிள்ளைகள் நாக்கை நீட்டிக் காட்டி விளையாடியது அதைத் தின்றுதான். கிளிடெமியாவின் பூ சிறியது, வெள்ளை நிறம். இலையும் தண்டும் சொரசொரவென்று முடி நிறைந்தவை. பழம் கருநீலம், மேலே முடியிருக்கும், வெடிக்காது. பிடுங்கும் முன் பூவைப் பாருங்கள். ஊதாப் பூவை வாழ விடுங்கள்.

நீரிலும் ஆற்றங்கரையிலும்

ஆகாயத்தாமரையைத் தெரியாதவர் இருக்கமாட்டார். ஊதாப் பூவின் அழகுக்காகவே தென் அமெரிக்காவிலிருந்து 1894 இல் போகோர் பூங்காவுக்கு வந்த செடி அது. மலாய் மொழியில் கெலாடி புந்திங் என்பர். தாய்ச்செடி பக்கவாட்டில் குட்டிச் செடிகளை விட்டுக்கொண்டே போவதால், சாதகமான நீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். நீர்ப்பரப்பை மூடினால் கீழே வெளிச்சமும் உயிர்க்காற்றும் குறைந்து, நம் அல்லியும் மீனும் மூச்சுத் திணறும். தேங்கிய நீரில் கொசு பெருகும். 1991 இல் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றி மலாக்கா மக்கள் தண்ணீருக்குப் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, குளமும் குட்டையும் எவ்வளவு அருமையானவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தொட்டாற்சுருங்கியை நாம் அறிவோம். அதன் பெரிய உறவினர் ஒன்று உண்டு; மலாயில் செமாலு கெர்காசி என்பர். ஆள் உயரத்துக்கும் மேலாக வளரும் முட்புதர் அது. பந்து போன்ற இளஞ்சிவப்புப் பூவுடையது. மலேசியாவில் 1980 இல் கிளந்தானில் அது முதலில் அறியப்பட்டது. அதன் காய் துண்டு துண்டாக உடையும்; ஒவ்வொரு துண்டும் முடியுடன் நீரில் மிதக்கும். ஆற்று மணலோடு சேர்ந்து லோரியில் ஏறி, கட்டுமானம் நடக்கும் இடங்களுக்கும் போய்ச் சேரும். கோயில் திருப்பணிக்கு மணல் இறக்கும்போது இதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். மணல் கொட்டிய இடத்தில் சில மாதங்கள் கழித்து என்ன முளைக்கிறது என்று பார்ப்பது நல்லது.

தமிழகத்திலும் இதே கதை

தமிழகத்தில் உண்ணிச்செடி என்று அழைக்கப்படும் லாண்டானாவை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அழகுச் செடியாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தனர். இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பரப்பில் அது பரவியிருப்பதாக 2020 இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. மானும் காட்டெருமையும் மேயும் புல், அப்புதரின் அடியில் முளைப்பதில்லை. முதுமலைக் காட்டில் மஞ்சள் பூப் பூக்கும் அயல் கொன்றை மரமொன்றும் பெருகிவிட்டது. இவற்றை அகற்றிச் சொந்தக் காட்டை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022 இல் ஒரு தனிக் கொள்கையை வெளியிட்டது.

அங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. நீலகிரி கூடலூர்ப் பகுதியின் பழங்குடி மக்கள், வெட்டிய உண்ணிச்செடித் தண்டுகளைக் கொண்டு ஆளுயரத்தை விஞ்சும் யானை உருவங்களைச் செய்கிறார்கள். அந்த யானைகள் 2021 இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. களையை அகற்றும் வேலையே அவர்களுக்குக் கூலியும் பெருமையும் தந்தது.

உலகளவில் இது சிறு பிரச்சினையன்று. 2023 இல் ஐக்கிய நாட்டு ஆதரவுடன் இயங்கும் அறிவியலார் குழு வெளியிட்ட அறிக்கையின்படி, மனிதரால் இடம் பெயர்ந்து வேரூன்றிய உயிரினங்கள் 37,000க்கும் மேல். அவற்றுள் கேடு செய்பவை 3,500க்கும் மேல். 2030 க்குள் புதிய வருகையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகள் 2022 இல் உடன்பாடு செய்துகொண்டன. மலேசியாவும் இதற்கெனத் தேசியச் செயல்திட்டம் வகுத்துள்ளது.

களைக்கு நம் பெண்கள் கொடுத்த விலை

களையைப் பற்றிப் பேசும்போது, அதை அழிக்க நஞ்சு சுமந்தவர்களை மறக்கக்கூடாது. 1960களிலிருந்து பாரகுவாட் என்னும் களைக்கொல்லி தோட்டங்களில் பரவலாகப் பயன்பட்டது. முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களுள் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள். நகம் கறுத்து விழுந்ததும் தோல் புண்ணானதும் மூக்கில் இரத்தம் வடிந்ததும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. என் தாயாரும் மருந்தடித்தவர்தாம். மாலையில் வீடு திரும்பி, குளிக்கும் முன் குழந்தைகளைத் தொடமாட்டார். அரசாங்கம் 2002 இல் பாரகுவாட்டுக்குத் தடை அறிவித்து, 2006 இல் தளர்த்தி, 2020 சனவரி முதல் நாளிலிருந்து முழுமையாகத் தடை செய்தது.

ஆகவே களை ஒழிப்பு என்றவுடன் நஞ்சைத் தேடி ஓடுவது நமக்கு ஏற்ற வழியன்று. நஞ்சு நல்ல செடியையும் சேர்த்துக் கொல்லும்; வெறுமையான மண்ணை விட்டுச் செல்லும். வெறும் மண்ணில் முதலில் வந்து அமர்வது மீண்டும் களைதான்.

நாம் செய்யத்தக்கவை

1. மைக்கானியாவைப் பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குங்கள். மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும்போது எளிதில் வரும். பிடுங்கியதை மண்ணில் போடாமல், சிமெண்டுத் தரையிலோ தகரத்தின் மேலோ நன்கு காயவிடுங்கள். இயந்திரத்தால் அரைக்க வேண்டாம்.

2. ஒரு நாள் பெருந்துப்புரவு செய்துவிட்டு ஓராண்டு மறந்துவிடாதீர்கள். மாதம் ஒரு மணி நேரம், பத்துப் பேர் என்ற கணக்கே பலன் தரும். மண்ணில் கிடக்கும் விதைகள் மீண்டும் மீண்டும் முளைக்கும்.

3. தொட்டியில் வளர்த்த ஆகாயத்தாமரையைக் கால்வாயிலோ ஆற்றிலோ விடாதீர்கள். நேர்த்திக்கடனாகச் செடி தர விரும்புவோர், எந்தச் செடி என்று முன்னதாகக் கோயில் நிர்வாகத்தைக் கேட்டுத் தரலாம்.

4. தரையை மூடும் மஞ்சள் பூச்செடியான வெடிலியாவை வளாகத்தில் நடவேண்டாம். அதுவும் மைக்கானியா, கிளிடெமியா, ஆகாயத்தாமரை, உண்ணிச்செடி, செமாலு கெர்காசி ஆகியவையும் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் உள்ளவை.

5. ஆயர் குரோ, சுங்கை ஊடாங், தஞ்சோங் துவான் போன்ற வனப்பகுதிகளில் நாமாகச் சென்று எதையும் பிடுங்கக்கூடாது. வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டலோடும் மட்டுமே செய்யவேண்டும். மலாக்காவில் எஞ்சியுள்ள காடு கொஞ்சம்; அதில் பிழை செய்ய இடமில்லை.

6. எல்லாவற்றிலும் முக்கியமானது: களை பிடுங்கிய இடத்தில் உடனே மரம் நடுங்கள். நிழல் விழுந்த இடத்தில் மைக்கானியா தழைக்காது.

எந்த மரத்தை நடுவது? இங்கேதான் நம் மரபும் இந்த மண்ணும் கைகோக்கின்றன. மயிலைக் கபாலீசுவரர் ஆலயத்தின் தலவிருட்சம் புன்னை. அது மலேசியக் கடற்கரைகளில் தானே வளரும் மரம். திருவொற்றியூரின் தலவிருட்சம் மகிழம். அதை மலாய்க்காரர் பூங்கா தஞ்சோங் என்று போற்றுகின்றனர், இதுவும் இம்மண்ணுக்குரியதே. திருநெல்லிக்காவின் தலவிருட்சம் நெல்லி. அது இம்மாநிலத்துக்கே பெயர் தந்த மரம். இவற்றை நடும்போது இறைவனுக்கு மரம் நடுகிறோம். இந்த நாட்டுக்கும் அதன் சொந்த மரத்தைத் திருப்பித் தருகிறோம். இரண்டும் ஒரே செயலாக அமைவது நம் பேறு.

கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நீங்கள் வாரி வழங்கி வருகிறீர்கள். அவற்றோடு, கைவிடப்பட்ட தோட்டக் கோயில் ஒன்றன் மரத்தை மீட்கும் பணிக்கும் ஓர் உதவி செய்யுங்கள். பணமாகத்தான் தரவேண்டும் என்பதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஒரு பாராங் கத்தி, ஒரு சோடிக் கையுறை, உடன் அழைத்துவரும் பிள்ளைகள் இருவர் போதும். ஊதாப் பூவையும் வெள்ளைப் பூவையும் வேறுபடுத்திப் பார்க்க அப்பிள்ளைகள் கற்றுக்கொண்டால், நம் காலத்துக்குப் பின்னும் அந்த மரம் நிற்கும்.

எல்லாம் வல்ல இறைவன் இப்பணிக்குத் துணை நிற்பானாக.